ஏழாயிரத்துக்குள் ஒரு 35மிமீ எஃப்/1.4: வாங்கியதும் சோதித்ததும் திருகியதும்

என் கேமரா சோனி ஏ6000. 2014-இல் வந்த மாடல். 24 மெகாபிக்சல், பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார், பாடிக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ் பகல் வெளிச்சத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் 35மிமீ-க்கு ஜூம் செய்தால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் சிறியதானால் துளை பெரிது) எஃப்/5 பக்கம் போய்விடும், ராத்திரி வீட்டுக்குள் அது திணறும். எஃப்/1.4 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் எஃப்/5-ஐப் போல் 12 மடங்குக்கும் மேல். அதாவது கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 10000 கேட்கும் இடத்தில் இதில் 800 வைத்தால் ஆயிற்று.

தேர்டு பார்ட்டி, அதாவது கேமரா கம்பெனி அல்லாத பிறர் செய்யும் லென்ஸ், என்றாலே மலிவுச் சரக்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. சிக்மா 1961-இலிருந்து லென்ஸ் செய்கிறார்கள், டேம்ரானின் ஆரம்பம் 1950. இவர்கள் தேர்டு பார்ட்டிதான், ஆனால் மலிவு இல்லை. சிக்மாவின் 30மிமீ எஃப்/1.4 எனக்கும் ஆசைதான். நான் பார்க்க நினைத்தது அதற்கும் கீழே உள்ள வரிசை: செவன் ஆர்ட்டிசன்ஸ், டிடி ஆர்ட்டிசன், மெய்க்கே மாதிரி சீனக் கம்பெனிகளின் மேனுவல் லென்ஸ்கள். மோட்டார் இல்லை, சிப் இல்லை, ஸ்டெபிலைசர் இல்லை. கண்ணாடி, அலுமினியம், ஒரு மரை, அவ்வளவுதான். அந்த வரிசையில் ஒரு 35மிமீ எஃப்/1.4 ஏழாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே கிடைத்தது.

எந்த பிராண்ட் என்று சொல்லப் போவதில்லை. என் பெட்டியில் வந்த குறை அடுத்தவர் பெட்டியில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஒரே ஒரு லென்ஸை வைத்து மொத்தக் கம்பெனிக்கும் மார்க் போடுவது சரியாகவும் இருக்காது.

இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படி முடிகிறது? டிசைன் ஒன்றும் ரகசியம் இல்லை. இந்த மாதிரி லென்ஸ்களுக்கு அடிப்படையாக இருக்கும் டபுள் காஸ் (நடுத் துளைக்கு இருபுறமும் கிட்டத்தட்டச் சமச்சீராகக் கண்ணாடிகளை அடுக்கும்) அமைப்பில் பவுல் ருடால்ஃப் ஜெர்மனியில் ப்ளானர் லென்ஸை உருவாக்கியது 1896-இல். அதன் காப்புரிமை எல்லாம் எப்போதோ காலாவதி. கண்ணாடி தேய்ப்பதும் அலுமினியம் கடைவதும் இன்றைக்கு இயந்திர வேலை. ஆள் கூலியும் நேரமும் அதிகம் பிடிப்பது கடைசிக் கட்டத்தில்தான்: ஒவ்வொரு லென்ஸையும் பெஞ்சில் மாட்டி, நாலு மூலையையும் பார்த்து, தப்பானதை ஒதுக்கி, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்வது. மலிவு லென்ஸில் மிச்சம் பிடிக்கிற இடம் பெரும்பாலும் அது என்பது என் முடிவு. அந்தக் கடைசிப் பரிசோதனை வாங்குகிறவன் தலையில் விழுகிறது. அதைச் செய்யத் தெரிந்தவனுக்கு இந்த லென்ஸ் லாபம். தெரியாதவனுக்கு லாட்டரி. விலை உயர்ந்த லென்ஸ்களிலும் ஒரே மாடலின் ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் (காப்பிக்குக் காப்பி) வித்தியாசம் உண்டு என்பதை அமெரிக்காவில் லென்ஸ் வாடகைக்கு விடும் ராஜர் சிக்காலா நூற்றுக்கணக்கான லென்ஸ்களை அளந்து காட்டியிருக்கிறார். ஆனால் அங்கே சர்வீஸ் சென்டர் என்று ஒன்று இருக்கிறது. இங்கே ரிட்டர்ன் தேதி மட்டும்தான்.

முதல் சோதனை

பெட்டியைப் பிரித்ததும் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ரெண்டு மூன்று தூசி. தூசி படத்தில் தெரியாது, அதற்காக யாரும் லென்ஸைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பார்க்க வேண்டியது கண்ணாடியில் பனி படர்ந்த மாதிரிப் புகைச்சல் இருக்கிறதா, அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மின்னுகிறதா, மவுண்ட் (கேமராவோடு பொருந்தும் வளையம்) ஸ்க்ரூ எல்லாம் இறுகியிருக்கிறதா என்பதுதான். கேமராவில் மாட்டி லேசாக அசைத்தும் பார்த்தேன், ஆட்டம் இல்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் பதறும் இடம் அடுத்தது. மாட்டி பட்டனை அழுத்தினால் கேமரா படமே எடுக்காது. லென்ஸில் மின் தொடர்பு இல்லாததால் தனக்கு லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. சோனி மெனுவில் 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்' என்பதை எனேபிள் செய்ய வேண்டும். ஃபுஜியில் 'ஷூட் வித்தவுட் லென்ஸ்'. படத் தகவலில் அப்பர்ச்சர் எண்ணும் பதியாது, அதனால் சோதனைப் படங்களுக்கு ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொண்டேன்.

டெஸ்ட் சார்ட் என்று காசு கொடுத்து எதையும் வாங்கவில்லை. தமிழ் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தைவிட நல்ல சார்ட் கிடையாது. பொடி எழுத்து, ஓரம் வரை நிறைந்திருக்கும், ஒவ்வொரு எழுத்திலும் சுழி, மேலே புள்ளி. ஹால் சுவரை மறைக்கும் அளவுக்குப் பக்கங்களை ஒட்டி, டிரைபாடில் கேமராவை வைத்து ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தேன். அந்தத் தூரத்தில் இந்த லென்ஸ் ஒரு மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. அந்தக் கணக்கில் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு பிக்சல். மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு பிக்சலுக்கு வரும், அதுவே ஒரு கடுமையான பரீட்சை.

கேமரா சுவருக்கு நேராக இருப்பது முக்கியம். லேசாகத் திரும்பியிருந்தாலும் ஒரு ஓரம் மங்கும், பழி லென்ஸ் மேல் விழும். இதற்கு ஒரு எளிய வழி: ஃப்ரேமின் நடுவில் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, லைவ் வியூவில் லென்ஸின் பிம்பம் அந்தக் கண்ணாடிக்குள் ஃப்ரேமின் நடுவிலேயே விழும்வரை கேமராவைத் திருப்ப வேண்டும். விழுந்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, இரண்டு செகண்ட் டைமர் வைத்து, ஒவ்வொரு அப்பர்ச்சரிலும் ஒரு படம்.

எஃப்/1.4-இல் நடுவில் எழுத்து படிக்க முடிகிறது, ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி மெல்லிய வெளிச்சக் கசிவு. புள்ளிகள் கறுப்பாக இல்லை, சாம்பல் நிறம். மூலைகளில் ணகரமும் னகரமும் ஒன்றுபோல் தெரிகின்றன, புள்ளிகள் சுத்தமாகக் காணோம். எஃப்/2-இல் நடுவில் கசிவு அடங்குகிறது. எஃப்/2.8-இல் நடுப்பகுதி கிட் லென்ஸைத் தாண்டிவிடுகிறது, அதில் சந்தேகமே இல்லை. மூலையில் புள்ளிகள் திரும்பி வருவது எஃப்/4-க்கு மேல்தான், எஃப்/5.6-இல் எல்லாம் ஒழுங்கு. எஃப்/16-இல் மறுபடி எல்லாமே மழுங்குகிறது. அது டிஃப்ராக்ஷன், குறுகிய துளையின் விளிம்பில் ஒளி வளைவது, எந்த விலை லென்ஸிலும் உண்டு.

மூலை மங்கலைப் பார்த்ததும் லென்ஸ் மோசம் என்று முடிவு கட்டக் கூடாது. நாலு மூலையும் ஒரே மாதிரி மங்கினால் அது டிசைன். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. அந்த லென்ஸைப் பேசாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும். என்னுடையதில் வலது மேல் மூலை மட்டும் ஒரு பொட்டு பின்தங்குகிறது, எஃப்/4-இல் அந்த வித்தியாசமும் மறைகிறது. இந்த விலைக்கு இது நல்ல காப்பி.

டவர் ஏன் மங்குகிறது

அடுத்து மொட்டை மாடிக்குப் போனேன். தூரத்தில் ஒரு செல்போன் டவர், இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் சோதனைக்குத் தோதானது. எஃப்/1.4 வைத்து ஃபோகஸ் ரிங்கை இன்ஃபினிட்டி (வெகு தூரத்துக்கான கடைசி நிலை) முட்டும்வரை திருப்பினேன். டவர் மங்கல். கொஞ்சம் பின்னால் திருப்பினால் இன்னும் மங்கல். ரிங் இன்னும் ஒரு இழை முன்னால் போனால் கூர்மை வரும் போலிருக்கிறது, ஆனால் போக இடமில்லை. அதே முட்டில் வைத்துப் பக்கத்துத் தெரு மாடியின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் அதன் மேல் உள்ள எழுத்து கத்தி மாதிரி நிற்கிறது. அந்தத் தொட்டி சுமார் 20 மீட்டர் தூரம்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35மிமீ லென்ஸ் இன்ஃபினிட்டியிலிருந்து 20 மீட்டருக்கு ஃபோகஸ் மாற, அது சென்சாரைவிட்டு முன்னால் நகர வேண்டிய தூரம் வெறும் 0.06 மிமீ. ஏ4 தாள் ஒன்றின் தடிமனே சுமார் 0.1 மிமீ. ஆக, கம்பெனியில் ஒரு தாளின் பாதித் தடிமனுக்கு முட்டு தள்ளி அமைந்துவிட்டது, அதனால் 20 மீட்டருக்கு அப்பால் உள்ள உலகம் எனக்குக் கிடைக்கவில்லை.

எஃப்/4 வைத்தால் இந்தக் குறை ஆழக்கூர்மையில் (கூர்மையாகத் தெரியும் தூர வரம்பில்) ஒளிந்துகொள்ளும். டவர் பளிச்சென்று இருக்கும். பகலில் நாலு படம் எடுத்து நல்ல லென்ஸ் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் கண்ணில் இது படாது. எஃப்/1.4 என்று போட்டு விற்கும் லென்ஸை எஃப்/1.4-இல்தான் சோதிக்க வேண்டும்.

திருப்பி அனுப்ப நாள் இருந்தது. அனுப்பவில்லை. இன்ஃபினிட்டி தள்ளியிருப்பது திருகிச் சரிசெய்யக்கூடிய குறை. மையம் விலகியிருப்பது அப்படி இல்லை. மையம் சரியாக உள்ள லென்ஸ் கையில் இருக்கும்போது, மாற்றி வருவது இன்ஃபினிட்டி சரியாக, மையம் கோணலாக இருந்தால் என்ன செய்வது? இந்த முடிவை ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். திறந்து பார்த்துவிட்டு ரிட்டர்ன் போடுவது நியாயமில்லை.

என் லென்ஸில் ஃபோகஸ் ரிங்கின் முன் ஓரத்தில், சம இடைவெளியில், தலையில்லாத மூன்று குட்டி ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. வெளி ரிங்கை உள்ளே உள்ள மரைக்குழலோடு பிடித்து வைத்திருப்பவை அவைதான். முட்டு இருப்பது வெளி ரிங்கில், கண்ணாடியை நகர்த்துவது உள் குழல். இரண்டுக்கும் இடையிலான கோணத்தை மாற்றினால் இன்ஃபினிட்டி நகரும். எல்லா லென்ஸிலும் இதே ஏற்பாடு இருக்காது. சிலவற்றில் மவுண்டுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், ஒன்றை எடுத்தால் லென்ஸ் சென்சாருக்கு அருகில் போகும்.

வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவர் செட்டில் 1.2 மிமீ முனை பொருந்தியது. பொருந்தாத முனையை வைத்து அழுத்தினால் ஸ்க்ரூவின் பள்ளம் மழுங்கும், அதோடு கதை முடிந்தது. வெள்ளைத் துண்டு விரித்த தாம்பாளத்தின் மேல் வைத்து, ரிங்கிலும் குழலிலும் சேர்த்து பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். ஏதாவது ஆனாலும் பழைய நிலைக்குத் திரும்ப அந்தக் கோடு போதும். ஸ்க்ரூவை முழுதாகக் கழற்ற வேண்டாம், அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். மணல் பருமன் உள்ள அந்த ஸ்க்ரூ தரையில் விழுந்தால் விழுந்ததுதான்.

ரிங்கை இன்ஃபினிட்டி முட்டில் வைத்து மூன்றையும் தளர்த்தி, உள் குழல் அசையாமல் பிடித்துக்கொண்டு, ரிங்கை மட்டும் கிட்டத்தூரப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி ஒரு ஸ்க்ரூவை இறுக்கினேன். இப்போது ரிங் மறுபடி முட்டுக்குப் போகும்போது உள் குழலையும் அந்த அளவுக்கு அதிகமாக இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் என்றால் ரிங்கின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. டிரைபாடில் மாட்டி, படத்தைப் பெரிதாக்கி டவரைப் பார்த்தேன். மறுபடி தளர்த்தி, மறுபடி இறுக்கி, இப்படியே போய் முட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் டவர் கூர்மையாகும்படி நிறுத்தினேன்.

அந்த மயிரிழையை வேண்டுமென்றேதான் விட்டேன். வெப்பம் 20 டிகிரி கூடினால் 35 மிமீ நீள அலுமினியம் 0.016 மிமீ நீளும். கத்திரி வெயிலில் லென்ஸ் சூடானால் இன்ஃபினிட்டி பழையபடி கையைவிட்டுப் போகாமல் இருக்க அந்த இடம் வேண்டும். மூன்று ஸ்க்ரூவையும் இறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் துளி நெயில் பாலிஷ். பிறகு கழற்ற வேண்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். ராத்திரி டவர் உச்சியின் சிவப்பு விளக்கை வைத்து இன்னொரு முறை பார்த்தேன். நடுவில் புள்ளியாக நிற்கிறது. மூலைக்குக் கொண்டுபோனால் எஃப்/1.4-இல் அதற்கு இரண்டு இறக்கை முளைக்கிறது. அது கோமா என்ற ஒளிப்பிழை, டிசைனோடு பிறந்தது, ஸ்க்ரூடிரைவரால் போகாது.

உள்ளே ஒரு பளபளப்பு

அடுத்த தொல்லை டியூப்லைட். விளக்கு ஃப்ரேமுக்குச் சற்று வெளியே இருந்தாலே படம் முழுக்க வெளுத்துப்போனது. லென்ஸைக் கழற்றி பல்பை நோக்கிப் பிடித்து, கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கமாகப் பார்த்தேன். பின் கண்ணாடிக்கும் மவுண்டுக்கும் நடுவில் உள்ள குழாய்ச் சுவரில் ஒரு வளையம் பளபளவென்று மின்னியது. கறுப்பு நிறம் அடித்திருக்கிறார்கள், ஆனால் மேட் இல்லை.

கைவினைப் பொருள் கடையில் ஒட்டும் வெல்வெட் தாள் கிடைக்கிறது. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்புத் துண்டு வெட்டி, ஓர இழைகளை டேப்பில் ஒட்டி ஒட்டி எடுத்து, ப்ளோயரால் நன்றாக ஊதிவிட்டுக் குழாய்ச் சுவரில் ஒட்டினேன். இழை உதிர்ந்தால் நேரே சென்சாரில் போய் உட்காரும், அதனால் இந்த ஊதும் வேலையில் அவசரம் கூடாது. ஃபோகஸ் ரிங்கை இரண்டு முனைக்கும் திருப்பிப் பின் கண்ணாடி எங்கும் உரசவில்லை என்றும் பார்த்துக்கொண்டேன். முன்னால் 39மிமீ மரையில் ஒரு உலோக ஹூட். அதே டியூப்லைட், அதே இடம், ஒரு கறுப்புத் துணியை வைத்து எடுத்தால் முன்பு சாம்பலாக இருந்த துணி இப்போது கறுப்பு. விளக்கு ஃப்ரேமுக்குள்ளேயே இருந்தால் வரும் பச்சைப் பொட்டுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அது கண்ணாடி மேல் பூசும் கோட்டிங் விஷயம். இந்த விலைக்கு அவ்வளவுதான் கோட்டிங்.

எவர்சில்வர் பாத்திரங்களை எஃப்/1.4-இல் எடுத்தால் பளபளப்பு விளிம்புகளில் ஊதா நிறம் ஓடும், அதையும் சொல்லிவிட வேண்டும். எஃப்/2.8-இல் குறையும். சமையலறையில் ஒரு குடத்தைப் படம் எடுத்தாலே தெரிந்துவிடும்.

மற்றபடி, கையில் எடுத்துப் பழகியபின் இதை நான் கழற்றுவதே அபூர்வம். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஆட்கள், சாப்பாடு, ராத்திரிக் கடைவீதி, இதற்கெல்லாம் அருமை. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.4 வைத்தால் கூர்மையின் ஆழம் நாலைந்து சென்டிமீட்டர்தான். பீக்கிங்கை (கூர்மையான விளிம்புகளுக்கு கேமரா வண்ணம் பூசிக் காட்டும் வசதியை) நம்பினால் அது கண்ணுக்கும் வண்ணம் பூசும், காதுக்கும் பூசும். பெரிதாக்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஓடி விளையாடும் குழந்தையை இதில் எடுக்க நினைப்பவர்கள் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

அவர்களுக்கு ஆட்டோஃபோகஸ் வேண்டும். வில்ட்ராக்ஸ் போன்ற லென்ஸ் கம்பெனிகளிடம் அதுவும் கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது புது ஃபர்ம்வேர் (லென்ஸுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்ற வழி இருக்கிறதா என்பது. கேமராவின் மொழியை வெளியிலிருந்து கற்றுக்கொண்டு பேசும் லென்ஸ் புது பாடி வந்தால் தடுமாறலாம். பல வில்ட்ராக்ஸ் லென்ஸ்களில் மவுண்டிலேயே யுஎஸ்பி துளை உண்டு. டிடி ஆர்ட்டிசனின் 27மிமீ எஃப்/2.8-க்குப் பின்மூடியிலேயே அதை வைத்திருக்கிறார்கள், கெட்டிக்காரத்தனமான யோசனை. எந்த கேமரா என்பதும் முக்கியம். சோனி 2011-இலேயே தன் ஈ-மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. கேனானின் ஆர்எஃப் மவுண்டில் வில்ட்ராக்ஸ் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் விற்பனை 2022-இல் நின்றது. 2024-இல்தான் சிக்மாவும் டேம்ரானும் அனுமதியோடு உள்ளே வந்தார்கள், அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களோடு. மேனுவல் லென்ஸுக்கு இந்தப் பஞ்சாயத்து எதுவும் இல்லை, அதில் பேசுவதற்கு மின் தொடர்பே கிடையாது.

பழைய எம்42 (ஃபிலிம் காலத்து மரை மவுண்ட்) லென்ஸ் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம். சோனியில் மாட்ட 27 மிமீ-க்கு மேல் நீளமுள்ள அடாப்டர் குழாய் நடுவில் வரும், பாக்கெட் கேமரா தோற்றம் போய்விடும். நம் ஊர் ஈரத்தில் பல வருஷம் அலமாரியில் கிடந்த லென்ஸ் என்றால் பூஞ்சையையும் பார்த்து வாங்க வேண்டும்.

கணக்கு என்று பார்த்தால் லென்ஸ், ஹூட், வெல்வெட், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் சேர்த்தும் ஏழாயிரத்தைச் சில நூறுதான் தாண்டியது. சோனியின் சொந்த 35மிமீ எஃப்/1.8-க்கு இதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும். ஆனால் அதில் ஆட்டோஃபோகஸும் ஸ்டெபிலைசேஷனும் இருக்கின்றன, விற்கப் போனால் நியாயமான விலையும் வரும். என்னுடையதை விற்கப் போனால் பாதி வந்தாலே அதிசயம். மொட்டை மாடியில் செலவழித்த சாயங்காலங்களை நான் செலவாக எழுதவில்லை. எனக்கு அது பிடித்த வேலை. பிடிக்காதவர்கள் அதையும் விலையில் சேர்த்துக்கொண்டால் கணக்கு மாறும்.

அடுத்து நட்சத்திரப் படங்களுக்காக ஒரு 12மிமீ எஃப்/2 பார்த்து வைத்திருக்கிறேன், அதுவும் இதே வரிசைதான். ஃபோகல் லெங்த் குறையக் குறைய இன்ஃபினிட்டிப் பிசகு மோசமாகும். 35மிமீ-இல் 20 மீட்டரில் நிறுத்திய அதே 0.06 மிமீ, 12மிமீ லென்ஸை 2.4 மீட்டரிலேயே நிறுத்திவிடும். நட்சத்திரத்தை வைத்துச் சோதிக்காமல் அதை ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. அதனால் ரிட்டர்ன் தேதிக்குள் ஒரு அமாவாசை வருகிற மாதிரி பார்த்து ஆர்டர் போட வேண்டும். மழைக்காலமும் முடிந்திருக்க வேண்டும்.